22 சைக்கிள் 9 ஆனது: ஊரடங்குக்குப் பிறகு உங்கள் தொழில் மீண்டதா?

இட்லிக்கடை_பையன் (தாராவி)

எங்கள் வீட்டில் ஒரு மாதமாக ஒரே சண்டை. யாராவது நடுவராக வாருங்கள்.

தாராவி 90 அடி ரோட்டுக்குப் பக்கத்தில் ஒரு சந்தில் எங்களுக்கு இட்லி மொத்த வியாபாரம். ராத்திரி 2 மணிக்கு அடுப்பைப் பற்றவைத்தால், 5 மணிக்குள் சைக்கிள்காரர்கள் வந்து டப்பாவில் இட்லி, தூக்கில் சட்னி, சாம்பார் என்று கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். லோயர் பரேல், தாதர், பாந்த்ரா, பிகேசி (பாந்த்ரா-குர்லா ஆபீஸ் வட்டாரம்) என்று ஆளுக்கு ஒரு மூலை. 2020 பிப்ரவரியில் 22 சைக்கிள், நாளைக்கு 4,000 இட்லி. இப்போது 9 சைக்கிள், 2,200 இட்லி, அதோடு மாவு பாக்கெட்.

"நாம இன்னும் எந்திரிக்கலடே" என்பது அப்பாவின் கட்சி. எழுந்தாயிற்று என்பது என் கட்சி. அன்று எல்லாச் செலவும் போக மாதம் 55,000 ரூபாய் நின்றது. இன்று 58,000 நிற்கிறது. இட்லி பாதியாகியும் காசு குறையவில்லையே, இதற்குப் பெயர் மீண்டது இல்லையா?

எப்படி விழுந்தோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2020 மார்ச் 22, ஞாயிற்றுக்கிழமை. ஜனதா ஊரடங்கு ஒரு நாள்தானே என்று திங்கட்கிழமைக்கு மாவு அரைத்து வைத்துவிட்டோம். அன்றைக்கே மாதக் கடைசி வரை லோக்கல் ரயில் கிடையாது என்று செய்தி வந்தது. ரயில் இல்லாத மும்பையில் யார் இட்லி வாங்குவார்கள்? மாவு முழுவதும் சந்தில் உள்ளவர்களுக்கே போனது. இரண்டு நாள் கழித்து நாடு முழுக்க 21 நாள். ஏப்ரல் 1-ல் தாராவியில் முதல் தொற்று. அப்புறம் எங்கள் பேட்டையின் பெயரைச் சொன்னாலே ஆட்கள் ஓடினார்கள். ஜூலையில் உலக சுகாதார அமைப்பின் தலைவரே தாராவியைப் பாராட்டினார். ஆனாலும் "தாராவி இட்லியா, வேண்டாம்" என்ற பேச்சு மாட்டுங்காவில் ஒரு வருடம் ஓடியது.

ரயில் திறந்த பிறகும் எங்களுக்கு விடியவில்லை. 2021 பிப்ரவரி 1 முதல் பொதுமக்கள் ஏறலாம் என்றார்கள். எந்த நேரத்தில்? காலை 7 மணி வரை, பிறகு மதியம் 12 முதல் 4 வரை, இரவு 9-க்கு மேல். இட்லி விற்கிற நேரமே 7 முதல் 11 வரைதான்! ஏப்ரலில் மறுபடியும் மூடினார்கள். ஆகஸ்ட் 15-ல் இரண்டு ஊசி போட்டவர்களுக்கு மட்டும் திறந்தார்கள். எங்கள் சைக்கிள்காரர்களின் வாடிக்கை எல்லாம் முப்பது வயதுக்காரர்கள். 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு ஊசி தொடங்கியதே மே மாதம், இரண்டு ஊசிக்கு நடுவே 12 முதல் 16 வாரம். கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

எல்லாரும் தங்கள் தொழில் கதையை எழுதுங்கள். அப்பாவுக்கு வாசித்துக் காட்டப் போகிறேன்.

கணக்குப்பிள்ளை (சயான்)

ஒரே கேள்வி தம்பி. அந்த 58,000-ல் யார் யாருக்குச் சம்பளம் கழித்திருக்கிறீர்கள்?

செம்பூர்_அடுக்களை

எங்கள் வீட்டில் ஊரடங்குக்கு முன்னால் தொழிலே கிடையாது, ஊரடங்குதான் தொழிலைக் கொண்டுவந்தது. என் கணவர் டிராவல்ஸ் கம்பெனியில் இருந்தார். 2020 ஜூன் முதல் பாதிச் சம்பளம், செப்டம்பரில் அதுவும் இல்லை.

2021 ஏப்ரல், இரண்டாம் அலை. எங்கள் கட்டடத்திலேயே நான்கு வீடுகளில் எல்லாரும் படுக்கை. மிளகு ரசமும் குழைந்த சாதமும் வாசலில் வைத்துவிட்டு மணியடித்துவிட்டு வந்தேன். காசுக்காகச் செய்யவில்லை. மூன்றாம் நாள் ஒரு வீட்டிலிருந்து யுபிஐயில் 1,500 ரூபாய் போட்டுவிட்டு, "மாமி, அடுத்த வாரமும் வேண்டும், என் தங்கை வீட்டுக்கும்" என்று செய்தி. மே மாதம் ஒரு நாளைக்கு 40 சாப்பாடு. உணவுப் பாதுகாப்புப் பதிவு வாங்கினேன். வருடம் 12 லட்சத்துக்குள் விற்பனை என்றால் அப்போது ஆண்டுக்கு 100 ரூபாய்தான் கட்டணம். அந்த வேலை சுலபமாக முடிந்தது. கஷ்டம் எங்கள் கட்டடத்துக் குடியிருப்போர் சொசைட்டியில்தான். டெலிவரிப் பையன்கள் லிஃப்டில் ஏறக்கூடாது என்று தீர்மானமே போட்டார்கள். ஏழாம் மாடியிலிருந்து நானே பையைத் தூக்கிக்கொண்டு இறங்கினேன்.

ஒரு டெலிவரி ஆப்பிலும் நான்கு மாதம் இருந்து பார்த்தேன். 180 ரூபாய்ச் சாப்பாட்டுக்கு அவர்கள் கமிஷன் 45, டப்பாவும் பையும் 14, தள்ளுபடியில் என் பங்கு 20. மிச்சம் 101. அதில்தான் அரிசி, பருப்பு, காய், காஸ், உதவிக்கு வருகிற பெண்ணின் கூலி எல்லாம். ஆர்டர் ஏற ஏற நஷ்டம் ஏறியது. வெளியே வந்துவிட்டேன். இப்போது வாட்ஸ்அப் குழு ஒன்று, மாதச் சந்தா 31 பேர். அதற்கு மேல் எடுப்பதில்லை.

மீண்டோமா என்றால், இவர் பழைய வேலைக்குத் திரும்பவில்லை. காலையில் காய் நறுக்குகிறார். சுமாராகத்தான் நறுக்குகிறார்.

தோல்பை_அண்ணன்

தம்பி, நானும் தாராவிதான். அப்பாவிடம் வணக்கம் சொல்லவும், அவர் கடை இட்லி தின்று வளர்ந்தவன் நான்.

ஆம்பூர், ராணிப்பேட்டையிலிருந்து தோல் வாங்கி லேப்டாப் பை, பர்ஸ், பெல்ட் தைப்பது என் தொழில். ஊரடங்குக்கு முன் எனக்கு மூன்று கால். தாராவியைச் சுற்றிப் பார்க்க வரும் வெளிநாட்டுக்காரர்கள், கல்யாணத்துக்கு வாங்குபவர்கள், தீபாவளிக்கு ஊழியர்களுக்குப் பை கொடுக்கும் கம்பெனிகள். ஒரே வாரத்தில் மூன்றும் ஒடிந்தது. ஆபீஸே இல்லாதபோது லேப்டாப் பை எதற்கு? 300 பை தயாராக இருந்தது. மும்பை மழைக்காலம் தோலை என்ன செய்யும் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். கடை பூட்டியே கிடந்ததில் பூஞ்சை பிடித்து ஏறக்குறைய பாதி போனது. துடைத்து, எண்ணெய் போட்டு, வெயிலில் காயவைத்துத் தேற்றியதைப் பாதி விலைக்குத் தள்ளினேன்.

மாஸ்க் தைக்கவும் செய்தோம். தாராவியில் தையல் மெஷின் வைத்திருந்த எல்லாரும் செய்தோம் என்பதுதான் அதில் சிக்கல். முதல் மூன்று வாரம் நல்ல காசு. அப்புறம் விலை விழுந்து நூல் செலவுகூடத் தேறவில்லை. "தொழிலை மாற்றிக்கொண்டால் பிழைக்கலாம்" என்று மேடையில் பேசுகிறவர்களுக்குச் சொல்கிறேன்: ஊரே ஒரே சமயத்தில் ஒரே தொழிலுக்கு மாறினால் யாரும் பிழைக்க முடியாது.

என்னைத் தூக்கிவிட்டது சின்னப் பொருள். சாவிக்கொத்து, கார்டு வைக்கும் பர்ஸ், கண்ணாடி உறை. வெட்டி மிச்சமான துண்டுத் தோலிலேயே வரும், கூரியர் செலவு குறைவு, வாட்ஸ்அப்பில் படம் போட்டால் கோயம்புத்தூர் வரை போகிறது. பழைய விற்பனையில் முக்கால்வாசிக்கு 2022 கடைசியில்தான் வந்தேன். கம்பெனி ஆர்டரும் திரும்பியது, ஆனால் கெட்ட பழக்கத்தோடு. முன்பு 30 நாளில் வந்த பணம் இப்போது 90 நாள். கேட்டால் "கோவிட் சார்" என்பார்கள். 2024-லும் கோவிட்!

மாட்டுங்கா_சர்வர்

ஓட்டல் பக்கத்திலிருந்து கொஞ்சம். உட்கார்ந்து சாப்பிட மகாராஷ்டிராவில் அனுமதி வந்தது 2020 அக்டோபர் 5-ல், அதுவும் பாதி இருக்கை. எங்கள் ஓட்டலில் முதல் நாள் காலை வந்தவர்கள் ஆறு பேர். நாங்கள் ஒன்பது பேர் நின்றுகொண்டிருந்தோம்.

எந்த ஓட்டல் தப்பித்தது, எது மூடியது என்று பார்த்தால், சுவையால் பிரிந்தது என்று சொல்ல மாட்டேன். வாடகையால் பிரிந்தது. சொந்த இடம், அல்லது தாத்தா காலத்துப் பகடி இடம் (முன்பணம் கொடுத்துப் பரம்பரையாக வைத்திருக்கும் பழைய வாடகை இடம்) என்றால் வாடகை சொற்பம், ஷட்டரை இறக்கிவிட்டு ஆறு மாதம் தாக்குப்பிடிக்கலாம். 11 மாதம், 3 வருடம் என்று லைசென்ஸ் (குறுகிய கால வாடகை ஒப்பந்தம்) எழுதி லட்சக்கணக்கில் வாடகை கட்டியவர்கள் முதல் மழைக்கே காலி. எங்களைவிட நல்ல தோசை போட்ட ஒரு கடை அப்படித்தான் போனது. எங்கள் முதலாளி அதை ஒப்புக்கொள்ள மாட்டார்.

முலுண்டு_வாசி

ஐந்து வருடம் தாண்டியும் எல்லாவற்றுக்கும் ஊரடங்கின் மேலேயே பழி போடுவது நியாயமில்லை. சைக்கிள் இட்லி குறைந்ததற்குக் காரணம் ஆபீஸ்காரர்கள் வாரத்தில் மூன்று நாள் மட்டும் வருவது. மாவு பாக்கெட்டுக்குப் போட்டி, பத்து நிமிடத்தில் வீட்டுக்கே கொண்டுவரும் ஆப். இதெல்லாம் எப்படியும் வந்திருக்கும். அதோடு அரசாங்கம் கடன் கொடுத்ததே, அதை ஏன் யாரும் சொல்வதில்லை?

சங்கரன்கோயில்_ரிட்டர்ன்

அந்த 22 சைக்கிளைப் போல ஒன்று என்னுடையது. வேறு கடை, ஆனால் அதே சந்து, அதே 5 மணி.

லோயர் பரேலில் ஒரு மில் காம்பவுண்டு வாசலில் ஏழு வருடம் நின்றேன். 2020 மே மாதம் பாஸ் எடுத்து, 31 பேர் சேர்ந்து பஸ் பிடித்து ஊருக்கு வந்தோம். தலைக்கு 6,500 ரூபாய். வழியில் டீக்கடைகூடத் திறந்திருக்கவில்லை. ஊருக்குள் நேராக விடவில்லை. மூக்கில் சளி எடுத்து, ஒரு கல்லூரிக் கட்டடத்தில் தங்கவைத்து, அப்புறம்தான் வீடு. "பம்பாய்க்காரன் வந்துட்டான்" என்று தெருவில் கதவைச் சாத்தினார்கள். வருடா வருடம் கோயில் கொடைக்கு வரும்போது வாசலில் நின்று வரவேற்ற அதே தெரு.

திரும்ப வருவதாகத்தான் இருந்தேன். ரயில் ஓடாமல் லோயர் பரேலில் யாருக்கு விற்பது? காத்திருந்த நேரத்தில் பழைய லோடு ஆட்டோ ஒன்று தவணையில் எடுத்தேன். இப்போது மார்க்கெட்டுக்குக் காய்கறி அடிக்கிறேன். பம்பாயில் வந்த காசு இங்கே வராது, உண்மை. ஆனால் பத்துக்குப் பத்து அறையில் எட்டுப் பேர் முறைவைத்துத் தூங்க வேண்டாம். பொதுக் கழிப்பறைக்கு நாலரை மணிக்கு வரிசை நிற்க வேண்டாம்.

தம்பி, உன் அப்பா 22 சைக்கிளும் திரும்பினால்தான் மீண்டதாகக் கணக்கு வைத்திருக்கிறார் என்றால், அவரிடம் சொல்லு, சில சைக்கிள் திரும்பாது. திரும்ப வேண்டாம் என்று நாங்கள்தான் முடிவு செய்தோம்.

கணக்குப்பிள்ளை (சயான்)

முலுண்டு சார் கேட்ட கடன் விஷயத்துக்கு வருகிறேன். சின்னக் கடைகளுக்குக் கணக்கு எழுதுவது என் பிழைப்பு. அந்த இரண்டு வருடம் பார்த்ததைச் சொல்கிறேன்.

முதலில் வந்தது தவணை ஒத்திவைப்பு. ரிசர்வ் வங்கி 2020 மார்ச் 27-ல் மூன்று மாதத்துக்கு அறிவித்து, பிறகு ஆகஸ்ட் 31 வரை நீட்டியது. பாதிப் பேர் அதைத் தள்ளுபடி என்று நினைத்துவிட்டார்கள். வட்டி ஓடிக்கொண்டேதான் இருந்தது. 2 கோடி வரையிலான கடன்களுக்கு வட்டியின் மேல் ஏறிய வட்டியை மட்டும் அரசு நவம்பரில் திருப்பிக் கொடுத்தது. என் வாடிக்கையாளர் ஒருவருக்கு அப்படி வந்தது 812 ரூபாய். ஐந்து லட்சம் வந்ததுபோல் எனக்கு இனிப்பு வாங்கிக் கொடுத்தார்.

அடுத்தது அரசு உத்தரவாதத்தில் அவசரக் கடன், மே மாதம் அறிவித்த 3 லட்சம் கோடி. சொத்து அடமானம் வேண்டாம், வங்கியில் 9.25 சதவீதத்துக்கு மேல் வட்டி கூடாது, நான்கு வருடத் தவணை, முதல் வருடம் அசல் கட்ட வேண்டாம். நல்ல திட்டம், பல பேரைக் காப்பாற்றியது, மறுக்கவில்லை. ஆனால் தொகை எப்படி முடிவானது? 2020 பிப்ரவரி 29 அன்று உங்களுக்கு வங்கியில் எவ்வளவு கடன் பாக்கியோ அதில் 20 சதவீதம். 10 லட்சம் பாக்கி இருந்தால் 2 லட்சம். பாக்கியே இல்லை என்றால் 20 சதவீதம் எதில் போடுவது? கடனே வாங்காமல் சீட்டுப் பணத்திலும் நகையிலும் தொழில் நடத்திய நம் ஆட்கள் வாசலிலேயே நின்றுவிட்டார்கள். வாழ்நாள் முழுக்க "கடன் வாங்காதே" என்று சொல்லிக்கொடுத்த ஒரு பெரியவர் என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து, "அப்போ நான் செஞ்சது தப்பா?" என்று கேட்டார்.

தெரு வியாபாரிகளுக்கு ஜூன் 2020-ல் ஸ்வநிதி என்ற அரசுக் கடன் திட்டம் வந்தது. அப்போது முதல் கடன் 10,000 ரூபாய், ஒழுங்காகக் கட்டினால் அடுத்து 20,000, அதற்கடுத்து 50,000, வட்டியில் 7 சதவீத மானியம். சைக்கிள்காரர்களுக்காகவே செய்ததுபோல இருக்கிறதல்லவா? வியாபாரச் சான்றிதழோ மாநகராட்சியின் பரிந்துரைக் கடிதமோ வேண்டும். ஒரே இடத்தில் நிற்பவருக்கு அது ஓரளவு கிடைத்தது. சைக்கிளில் சுற்றுகிறவர் எந்த இடத்தைக் காட்டுவார்?

தோல்பை அண்ணனுக்கு: உத்யம் பதிவு (சிறுதொழில்களுக்கான அரசுப் பதிவு) இருக்கிறதா? இலவசம், ஆதாரும் பான் எண்ணும் வேண்டும். குறு, சிறு உற்பத்தியாளருக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்பது 2006-லிருந்தே சட்டம். யாரும் மதிக்கவில்லை. 2024 ஏப்ரல் முதல் வருமான வரியில் ஒரு பிடி போட்டிருக்கிறார்கள். கெடுவுக்குள் பணம் தராவிட்டால், தரும் வரைக்கும் அந்தத் தொகையை வாங்கியவர் தன் செலவாகக் காட்ட முடியாது. உங்கள் பில்லில் உத்யம் எண்ணைப் பெரிதாக அச்சடியுங்கள். அவர்களுடைய ஆடிட்டரே போன் பண்ணுவார்.

தம்பி, என் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை.

தோல்பை_அண்ணன்

பதிவு இருக்கிறது, பில்லில் போட்டதில்லை. நாளையே ரப்பர் ஸ்டாம்ப் செய்கிறேன். ஆனால் 45 நாள் என்று அழுத்திக் கேட்டால் அடுத்த தீபாவளிக்கு வேறு ஆளிடம் போய்விடுவானே?

கணக்குப்பிள்ளை (சயான்)

போகலாம். அதற்கு என்னிடம் மருந்து இல்லை.

இட்லிக்கடை_பையன் (தாராவி)

முலுண்டு சாருக்கு முதலில். மூன்று நாள் ஆபீஸ் விஷயம் சரிதான். செவ்வாய், புதன், வியாழன் பிகேசி பக்கம் டப்பா காலியாகிவிடும். திங்களும் வெள்ளியும் பாதி திரும்பி வரும். அதனால் எங்கள் அரைப்பே இப்போது கிழமைக்கு ஒரு அளவு. ஆனால் அந்த மூன்று நாள் பழக்கம் எங்கிருந்து வந்தது? ஊரடங்கில் வீட்டிலிருந்து வேலை பார்த்ததில்தானே? மாவு பாக்கெட்டில் ஆப்போடு எங்களால் போட்டி போட முடியாது, போடவும் இல்லை. காலையில் அரைத்ததை அன்றைக்கே இரண்டு கிலோமீட்டருக்குள் விற்கிறோம். புளிக்காத மாவு வேண்டும், தோசைக்குக் கொஞ்சம் புளித்தது வேண்டும் என்று கேட்டு வாங்குகிறவர்கள் எங்களிடம் வருகிறார்கள்.

சங்கரன்கோயில் அண்ணா, உங்கள் பதிவை அப்பாவுக்கு இரண்டு முறை வாசித்தேன். முதல் முறை ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாம் முறை, "மில் காம்பவுண்டுல நின்னது யாரு, அந்த ஒல்லிப் பையனா?" என்று கேட்டார். ஊரடங்கு தொடங்கிய வாரம் 22 பேரிடமும் சேர்த்து 61,000 ரூபாய் பாக்கி நின்றது. பாதிக்கு மேல் இன்னும் நோட்டில்தான் இருக்கிறது. அடித்துவிடச் சொன்னால் அடிக்க விடமாட்டார், கேட்கச் சொன்னால் கேட்கவும் விடமாட்டார்.

இப்போது கணக்குப்பிள்ளை சார். வேண்டுமென்றேதான் தள்ளிப்போட்டேன், மன்னிக்கவும்.

2020-ல் சம்பள ஆட்கள் ஐந்து பேர், எல்லாரும் ஊர்ப்பக்கம். சாப்பாடும் தங்கலும் போகத் தலைக்கு 12,000. அவர்கள் சம்பளம் கழித்துத்தான் 55,000 நின்றது. அப்போது அம்மா அடுப்புப் பக்கம் வந்ததில்லை, நான் கூரியர் கம்பெனியில் இருந்தேன். இப்போது ஆட்கள் இரண்டு பேர், தலைக்கு 17,000. மீதி வேலை? நான் 2 மணிக்கு எழுந்து அவிக்கிறேன். அம்மா மாவு பாக்கெட் கட்டுகிறார். என் மனைவி காலையில் போன் ஆர்டர், கியூஆர் கணக்கு எல்லாம் பார்த்துவிட்டு மதியம் டியூஷன் எடுக்கப் போகிறாள். எங்கள் மூன்று பேருக்கும் நான் ஒரு பைசா கழிக்கவில்லை.

நேற்று ராத்திரி கழித்துப் பார்த்தேன். அம்மாவுக்கும் எனக்கும் ஆளுக்கு 17,000, மனைவிக்குப் பாதி, 8,500. மொத்தம் 42,500. அந்த 58,000-ல் மிச்சம் 15,500.

அவ்வளவுதான் சார். அப்பாவிடம் தோற்றுவிட்டேன்.

செம்பூர்_அடுக்களை

அடடா. இதைப் படித்துவிட்டு நான் என் நோட்டை எடுக்கவே மாட்டேன்.

முலுண்டு_வாசி

தம்பி, குடும்பத்துக்குள் உழைப்பதற்குக் கூலி போட்டால் இந்தியாவில் பாதிக் கடைகள் நஷ்டத்தில்தான் காட்டும். நீங்கள் தோற்கவில்லை.

கணக்குப்பிள்ளை (சயான்)

சார் சொல்வது ஒரு விதத்தில் சரி. ஆனால் தம்பி, இரண்டாவது கடை போடுவது, கடன் எடுப்பது என்று ஏதாவது யோசித்தால் 58,000-ஐ வைத்து யோசிக்காதே. புதுக் கடைக்கு இன்னொரு அம்மா கிடையாது, சம்பள ஆள்தான் போட வேண்டும். அங்கே உன் உண்மைக் கணக்கு 15,500-தான். தாராவி மறுசீரமைப்பு எப்போது உங்கள் சந்துக்கு வரும், எங்கே இடம் தருவார்கள் என்று தெரியாதபோது பெரிய கிரைண்டர், பாய்லர் என்றும் இறங்காதே. இன்னொன்று, பழைய 55,000-க்கு இருந்த மதிப்பு இன்றைய 55,000-க்கு இல்லை. உளுந்து விலையை உன் அப்பாவிடமே கேள்.

இட்லிக்கடை_பையன் (தாராவி)

இரண்டாவது கடை நினைப்பு இருந்தது, செம்பூர் பக்கம். எப்படிக் கண்டுபிடித்தீர்கள்? இப்போதைக்கு இல்லை.

சரி, கடைசியாக ஒன்று. அம்மாவிடம் இந்தக் கணக்கைக் காட்டினேன். "உனக்கு மாசம் 17,000 சம்பளம் போட்டிருக்கேம்மா" என்றேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நோட்டை மெதுவாகப் படித்தார். "இதுல ஞாயித்துக்கெழமையும் சேத்திருக்கியாடே?" என்று கேட்டார்.

சேர்க்கவில்லை. கடை ஆட்களுக்கு ஞாயிறு லீவு, அம்மாவுக்கு இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. திருத்திய கணக்கை நாளை போடுகிறேன், உளுந்து ஊறிவிட்டது, கிரைண்டரை ஓட்ட வேண்டும்.